கும்பலாக வந்தால் காடு கண்ணில் படாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சனி, ஞாயிறில் நண்பர்களோடு வால்பாறைக்கு வந்துபோகிற பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "ஊர் அருமை, ஆனால் ஒரு மிருகமும் கண்ணில் படவில்லை." மிருகங்கள் இங்கேதான் இருக்கின்றன. வருகிற நேரமும் வருகிற விதமும்தான் அவற்றுக்கு ஒத்துவரவில்லை.

பொள்ளாச்சியில் டிபனை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அப்போது இருவாட்சிப் பறவை கிளைக்குள் ஒதுங்கியிருக்கும், காட்டுமாடு நிழலில் படுத்திருக்கும். காலையில் செக்போஸ்ட் திறந்ததுமே ஏறுங்கள். 9-ஆவது வளைவுப் பக்கம் பாறைச் சரிவில் வரையாடு மேய்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். 2025 நவம்பர் முதல் இ-பாஸ் வேண்டும். அதை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பது சிங்கவால் குரங்குகளுக்காக. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது. வெடிப்பலா, அத்தி, பூச்சி என்று மரத்திலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஒரு காரிலிருந்து பிஸ்கட் போட்டால் அது தார்ச்சாலைக்கு இறங்கும், அடுத்த கார் அதை அடித்துவிடும். பாலம் இருந்தும் குரங்கு சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காட்டுக்குள் நடப்பதற்கு நான்கு பேர் போதும். புலிகள் காப்பகத்தில் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் நடக்கக் கூடாது. எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கும் சோலைத் துண்டுகளுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு, கேட்டுவிட்டு நுழையுங்கள். மழைக்காட்டில் இருபது முப்பது அடிக்கு அப்பால் கண் உதவாது, காதுதான் வழி காட்டும். உள்ளே போனதும் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கருமந்தி விடாமல் குரல் கொடுத்தால் அருகே சிறுத்தை இருக்கலாம். நீராவி ரயில் போல உச்சியில் 'உஷ் உஷ்' என்று கேட்டால் அது இருவாட்சியின் சிறகடிப்பு. பழுத்த அத்தி மரம் கிடைத்தால் வேறெங்கும் அலைய வேண்டாம், பழம் தின்ன அவையே வரும்; தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல், மே வரை இருவாட்சிக் கூடு இருக்கும் மரத்தடியில் மட்டும் நிற்காதீர்கள். பெண் பறவை பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொண்டிருக்கும். ஆளைக் கண்டால் இரையோடு வரும் ஆண் திரும்பிவிடும், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும்.

மழைக்காலத்தில் அட்டைக்கு மூக்குப்பொடி, சுண்ணாம்பு எல்லாம் தடவுவார்கள். ஒரு ஓடையைத் தாண்டினால் கழுவிக்கொண்டு போய்விடும். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி உறையைப் பேண்டுக்கு மேல் இழுத்துக் கட்டுவதுதான் நம்பகமான வழி. கடித்த அட்டைமேல் உப்பையோ நெருப்பையோ வைத்தால் உறிஞ்சியதைக் காயத்திலேயே கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய்; அதன் அடியில் நகத்தை நுழைத்து நெம்பினால் விழுந்துவிடும். ரத்தம் உறையவிடாத பொருளை அது ஏற்றிவிட்டிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். அதற்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை.

இருட்டியபின் தேயிலைத் தோட்டத்துச் சாலைகளில் உலாவ வேண்டாம். மேட்டில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். அலங்கார விளக்கு என்று நினைத்து அதன் கீழே நின்று படம் எடுக்கிறார்கள்! யானைக் கூட்டம் சாலையைக் கடக்கும்போது நாலைந்து போனதும் முடிந்தது என்று வண்டியை எடுப்பதுதான் பெரிய தவறு. குட்டியோடு தாய் பின்னால் வரும். ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள்.

கேரள எல்லையில் உள்ள மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்குகிறவர்கள் கவனத்துக்கு: மாலை 6 மணிக்குமேல் அந்தக் காட்டுச் சாலையில் வண்டி விடுவதில்லை. அதிரப்பள்ளிக்குச் சற்று முன்னால் வரும் வாழச்சால் வரை காடுதான், நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. மதியத்துக்கு முன்பே வால்பாறையை விட்டுவிட்டால் நிதானமாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆழியாறு பக்கமாகவே இறங்கினால் ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி அது பிடிக்காமல் போகும். கருகின வாடை வந்ததும் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
வால்பாறை