வகுப்பில் சத்தம் போடும் அந்தப் பையனைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ எழுதி அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். போனில் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று பேச்சு எங்கேயாவது போய்விடும். இது உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம்.

பையனுக்குப் பதினொரு வயது. மூன்றாம் வகுப்பிலிருந்தே கண்ணை அழுத்திச் சிமிட்டுவான், போன வருஷம் தோளை உலுக்க ஆரம்பித்தான், இந்த வருஷம் தொண்டையிலிருந்து ‘ஹுக், ஹுக்’ என்று சத்தம். நீ பாடம் நடத்தும்போது உன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறான், வகுப்பே சிரிக்கிறது. ஸ்டாஃப் ரூமில் ‘வேணும்னே பண்றான், ரெண்டு போட்டா அடங்கிடுவான்’ என்கிறார்கள். திங்கட்கிழமை அவன் அப்பாவை வரச்சொல்லி டி.சி. கொடுத்துவிடலாம் என்று பேச்சு. வேண்டுமென்றே செய்கிறானா என்பதுதான் உன் கேள்வி.

இல்லை கண்ணு. நீ எழுதியதில் ஒவ்வொரு வரியும் இல்லை என்றுதான் சொல்கிறது.

பார்க்காத பிள்ளைக்கு நோயின் பேர் சொல்வது டாக்டரே செய்யக்கூடாத காரியம், நான் நர்ஸ். ஆனால் நரம்பியல் ஓ.பி.யில் வேலை பார்த்தவள் என்ற முறையில், இது டூரெட் சிண்ட்ரோமாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும் என்று தைரியமாகச் சொல்வேன். தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் இந்தச் சின்ன அசைவுகளையும் சத்தங்களையும் டாக்டர்கள் ‘டிக்ஸ்’ என்பார்கள். உடம்பு அசைவில் குறைந்தது இரண்டு வகை, சத்தத்தில் குறைந்தது ஒன்று, ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், 18 வயதுக்கு முன்னால் தொடங்கியிருக்க வேண்டும், வேறு நோயோ மருந்தோ காரணமாக இருக்கக் கூடாது. இவ்வளவும் சேர்ந்தால் டூரெட். அசைவும் சத்தமும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ இது தெரியாது. கேட்டும் பார்த்தும்தான் கண்டுபிடிப்பார்கள். அதனால் வகுப்பில் நீ பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வை, டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் கண் சிமிட்டலில் ஆரம்பிக்கும். வீட்டில் முதலில் கண் டாக்டரிடம் போவார்கள். மூக்கை உறிஞ்சினால் அலர்ஜி என்பார்கள், தொண்டையைச் செருமினால் சளி மருந்து. எங்கள் ஓ.பி.க்கு ஒரு அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு, பை நிறையச் சீட்டு கொண்டுவந்திருந்தாள். கண்ணாடிச் சீட்டு, மூக்கு டாக்டர் சீட்டு, இருமல் மருந்துச் சீட்டு, வலிப்பாக இருக்குமோ என்று மூளை அலையைப் பார்க்க எடுத்த இ.இ.ஜி. ஒவ்வொன்றையும் மேஜையில் அடுக்கிவிட்டு, ‘எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்ப இவன் நடிக்கிறானா சிஸ்டர்?’ என்று கேட்டாள். உங்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்கிற கேள்வியேதான். (வலிப்பில் பெரும்பாலும் நினைவு தடுமாறும். டிக்ஸில் பிள்ளை முழு நினைவோடு, நாம் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பான்.)

இந்தச் சந்தேகம் வருவதற்குக் காரணம் உண்டு. ஹெச்.எம். அறையில் பத்து நிமிஷம் சத்தமே இல்லாமல் நின்றான் என்று எழுதியிருக்கிறாய், அதைத்தானே எல்லோரும் சாட்சியாகக் காட்டுகிறார்கள்? நீ இப்போது கண்ணை இமைக்காமல் இந்தக் கடிதத்தைப் படித்துப் பார். கொஞ்ச நேரம் முடியும். அப்புறம் கண் எரியும், மனசு முழுக்க இமையிலேயே நிற்கும், படித்த வரி மண்டையில் ஏறாது. டிக்ஸும் அப்படித்தான், கொஞ்ச நேரம் அடக்கலாம். அடக்குகிற அந்த நேரத்தில் அவன் பாடம் கேட்கவில்லை. பத்து வயதுக்கு மேல் ஆன பிள்ளைகள் இதை நன்றாகவே சொல்வார்கள். ஒரு பெண் தன் தொண்டையின் ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, ‘இங்க அரிக்கும் சிஸ்டர், அந்தச் சத்தம் போட்டாத்தான் அடங்கும், போட்டதும் ஒரு நிமிஷம் நல்லா இருக்கும், அப்புறம் மறுபடி’ என்றாள். பள்ளிக்கூடத்தில் நாள் பூராவும் அடக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பையைப் போட்டதும் கொட்டித் தீர்க்கிற பிள்ளைகள் நிறைய. ஆசிரியர் ‘இங்கே ஒன்றும் இல்லையே’ என்பார், அம்மா ‘வீட்டில் தாங்க முடியவில்லை’ என்பாள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.

உன் வார்த்தையைத் திருப்பிச் சொல்வது கேலி என்று தோன்றும், எனக்குத் தெரிகிறது. அதுவும் இதில் ஒரு வகை. கேட்ட சொல்லைத் தன்னையறியாமல் திருப்பிச் சொல்வது, எதிரில் இருப்பவர் செய்த சைகையைச் செய்வது இரண்டும் டூரெட்டில் உண்டு. ஆசிரியர்கள் அதிகமாகக் கோபப்படுவதும், பிள்ளைகள் அதிகமாக அடி வாங்குவதும் இதற்குத்தான். அவன் திருப்பிச் சொன்னதும் நீ நிறுத்தி அவனைப் பார்த்தால், அடுத்தது உடனே வரும். நிறுத்தாமல் பாடத்தை நடத்திக்கொண்டு போ.

டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை பேசுவது என்று சினிமாவும் வீடியோக்களும் ஒரு படம் வரைந்து வைத்திருக்கின்றன. நிஜத்தில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் அது வரும். அது இல்லையே, அப்படியானால் டூரெட் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒருவேளை பின்னால் வந்தாலும், வீட்டு வளர்ப்பு சரியில்லை என்று யாரும் பேச விடாதே. அந்த வார்த்தைகள் அவன் வாயில் வருவதால் யாரையும்விட அதிகமாகக் கூசிப்போவது அவன்தான்.

அவன் பாட்டி கோயில் பூசாரியிடம் மந்திரித்துக் கயிறு கட்டியதும் மூன்று வாரம் சத்தம் நின்றது, அப்புறம் திரும்ப வந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதுதான் இந்த நோயின் குணம். தானாகவே கூடும், தானாகவே குறையும். சில வாரம் ஒன்றுமே இருக்காது, அப்புறம் பழையது போய்ப் புதிதாக ஒன்று வரும். உச்சத்தில் இருக்கும்போதுதான் வீட்டில் ஏதாவது செய்வார்கள். உச்சத்துக்கு அப்புறம் எப்படியும் இறக்கம் வரும். கடைசியாக எதைச் செய்தார்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். கயிற்றுக்கும் அப்படித்தான், டானிக்குக்கும் அப்படித்தான், பிரம்புக்கும் அப்படித்தான். ‘அன்னைக்கு ரெண்டு போட்டேன், ஒரு மாசம் வாலைச் சுருட்டிக்கிட்டு இருந்தான்’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, தப்பாகக் கணக்குப் போடுகிறார். பாட்டியோடு சண்டைக்குப் போகாதே. கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும். வேப்பிலையால் அடிப்பது, புகை போடுவது, பட்டினி போடுவது மட்டும் கூடாது என்று அழுத்திச் சொல். பயமும் தூக்கக் குறைவும் டிக்ஸை ஏற்றிவிடும்.

1885-ல் பாரிஸில் ஜில் த லா டூரெட் என்ற டாக்டர் இப்படிப்பட்ட ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அவருடைய ஆசிரியர் ஷார்கோ அந்தப் பேரையே நோய்க்கு வைத்தார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் இதை மனசுக்குள் அடக்கிவைத்த கோபம், வீட்டுச் சூழல் என்றே பார்த்தார்கள். 1960-களில் ஹாலோபெரிடால் மாத்திரையில் டிக்ஸ் குறைவதை டாக்டர்கள் கண்டபிறகுதான் இது மூளையின் வேலை என்ற எண்ணம் பலப்பட்டது. அசைவுகளைத் தொடங்கவும் தடுக்கவும் செய்கிற மூளைச் சுற்றுகளில் கோளாறு, பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு. அதற்காக அப்பாவையோ அம்மாவையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டியதில்லை. பையன்களுக்குப் பெண் பிள்ளைகளைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 0.3 முதல் 1 சதவீதம் வரை என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். உங்கள் பள்ளியில் இவன் முதல் ஆளாக இருக்க வாய்ப்பே இல்லை. முன்னால் வந்தவர்கள் ‘சேட்டைக்காரன்’ என்ற பேரோடு படிப்பை விட்டுப் போயிருப்பார்கள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

செல்போன் பார்த்ததால் வந்தது என்று கணக்கு டீச்சர் சொன்னாராமே. டூரெட் செல்போனால் வருவதில்லை. கொரோனா சமயத்தில் பல நாடுகளில் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, டிக்ஸ் மாதிரி அசைவுகள் திடீரென்று வந்ததும், வீடியோக்களோடு அதை டாக்டர்கள் சேர்த்துப் பேசியதும் உண்மை. அது வேறு. சின்ன வயதில் கண் சிமிட்டலில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் மாறி மாறி வருகிற கதை அதற்குக் கிடையாது.

இன்னொன்றையும் கவனி. இந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பேருக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும், இல்லாவிட்டால் ஒரே காரியத்தைச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யும் ஓ.சி.டி.யும் கூடவே இருக்கும். அவன் நோட்டை எடுத்துப் பார். ஒரே எழுத்தை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருக்கிறதா? பல பிள்ளைகளுக்குப் படிப்பைக் கெடுப்பது டிக்ஸைவிட இதுதான். புத்தியில் குறை ஒன்றும் கிடையாது, அதை அவன் காது கேட்க ஒரு தடவை சொல்.

பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பார்க்கிற அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் அவன் பேரைக் கொடு, மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஓசூர் பக்கம் என்பதால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையும் உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். டிக்ஸ் லேசாக இருந்து பிள்ளைக்குத் தொந்தரவு இல்லையென்றால் மாத்திரையே தேவைப்படாது. இருந்தால் முதலில் பயிற்சி: டிக் வரப்போகிறது என்ற அந்த அரிப்பை அடையாளம் கண்டு, அதற்கு எதிரான அசைவைச் செய்யப் பழக்குவார்கள். 2010-ல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வாரப் பயிற்சி எடுத்தவர்களில் பாதிக்கு மேல் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. நம் ஊரில் அதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம், அதனால் மாத்திரை சீக்கிரமே வந்துவிடுகிறது. குளோனிடின், ரிஸ்பெரிடோன் மாதிரி ஏதாவது கொடுத்தால் வகுப்பில் தூங்கி விழலாம், சிலருக்கு எடை ஏறும். தூங்கினால் திட்டாதே, டாக்டரிடம் சொல்லச் சொல். பத்து முதல் பன்னிரண்டு வயதில்தான் இது உச்சம். பெரும்பாலானவர்களுக்குப் பெரியவர்களாகும்போது நன்றாகக் குறைந்துவிடும், சிலருக்குத் தொடரும்.

வகுப்பில் நீ செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஓரத்து பெஞ்சில், எல்லோர் கண்ணும் அவன்மேல் விழாத இடத்தில், சினேகமான ஒரு பையன் பக்கத்தில் உட்கார வை. அடக்கி அடக்கி முகம் இறுகுவது தெரிந்தால் வருகைப் பதிவேட்டை ஆபீஸில் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பு, போய்ச் சத்தம் போட்டுவிட்டு வரட்டும். பரீட்சைக்குத் தனி அறை கேள். ‘நிறுத்து’ என்ற சொல்லை அவனிடம் சொல்லவே சொல்லாதே. மனசு ஒரே காரியத்தில் ஆழ்ந்தால் டிக்ஸ் அடங்கும். எங்கள் ஓ.பி. வராந்தாவில் தோள் துள்ளத் துள்ள உட்கார்ந்திருந்த ஒரு பையன், வார்டு பாய் கேரம் போர்டை எடுத்து வைத்ததும் ஸ்ட்ரைக்கரைக் குறி பார்த்தான், அந்த விரல் சுண்டும் வரை தோள் இம்மியும் அசையவில்லை. உங்கள் பையனுக்கு அப்படி எது என்று கண்டுபிடி. பந்து பிடிக்கிறவன் என்றால், அமெரிக்கக் கால்பந்து கோல்கீப்பர் டிம் ஹோவர்டுக்கும் டூரெட்தான் என்று சொல். 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக அவர் நின்ற ஆட்டத்தை அவனுக்குப் போட்டுக் காட்டு.

மற்ற பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன்னால் அவனையும் வீட்டாரையும் கேட்டுக்கொள், சரி என்றால் மட்டும் பேசு. லூயிஸ் கபால்டி என்ற ஸ்காட்லாந்துப் பாடகர் 2022-ல் தனக்கு டூரெட் இருப்பதை வெளியே சொன்னார். 2023 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா மேடையில் குரலும் ஒத்துழைக்காமல், தோளும் தலையும் வெட்டி இழுக்க, கடைசிப் பாட்டைப் பாட முடியாமல் நின்றார். எதிரே நின்ற அத்தனை பெரிய கூட்டமும் அந்தப் பாட்டை எடுத்துப் பாடி முடித்தது. ஓய்வெடுத்துவிட்டு 2025-ல் அதே விழாவுக்குத் திரும்ப வந்து பாடினார். அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு போ. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. அடிப்பதையும் மனசு நோகச் செய்வதையும் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் சட்டத்தை முதலில் எடுக்காதே. ஹெச்.எம்.மிடம் தனியாகப் பேசி, டாக்டர் பார்க்கும் வரை மூன்று மாதம் அவகாசம் கேள். அப்பா கூலி வேலைக்குப் போகிறவர் என்றாய், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருவார். நிற்க வைத்துப் பேசாமல் நாற்காலி போட்டு உட்கார வை. பையன் நன்றாகச் செய்கிற ஒன்றை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் இதை ஆரம்பி. நிம்ஹான்ஸ் போவதாக இருந்தால் எனக்கு முந்தின நாளே சொல், ஓசூருக்குப் பஸ் ஏறி வந்து நானும் கூடப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா