ஒரு புட்டியையாவது மாதிரி எடுங்கள்: மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சீசனும் கல்யாண முகூர்த்தங்களும் சேர்ந்து வருகின்றன. ஊட்டியிலிருந்து கூடலூர் வரை 'கெரட்டின் ஆஃபர்' என்று முடியை நேராக்கும் விளம்பரத் தட்டிகள் மறுபடியும் தொங்க ஆரம்பித்துவிட்டன. முடியை நேராக்கும் இந்தத் திரவங்கள் பலவும் சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற புற்றுநோய் தரும் வாயுவை விடுகின்றன. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பார்லர்களுக்குள் வாருங்கள், முடியை நேராக்கும் திரவத்தை மாதிரி எடுங்கள், அதில் ஃபார்மால்டிஹைடு எவ்வளவு என்று பரிசோதித்துச் சொல்லுங்கள்.

கேட்கும் இடத்திலெல்லாம் வருகிற பதில், "அழகு நிலையத்துக்கு நாங்கள் லைசென்ஸ் தருவதில்லை." சரிதான். அழகுசாதனப் பொருளை விற்கக்கூட லைசென்ஸ் வேண்டியதில்லை, தயாரிக்கத்தான் வேண்டும். ஆனால் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940, பிரிவு 22, அப்பொருளை இருப்பு வைத்திருக்கும் இடத்தையும் ஆய்வாளர் சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம் என்கிறது. பார்லர் அலமாரியில் நிற்கும் ஒரு லிட்டர் கேன் இருப்பு இல்லை என்றால் வேறென்ன? யாரிடம் வாங்கினாய் என்று நீங்கள் கேட்டால் சொல்லியே தீர வேண்டும் என்று பிரிவு 18ஏ இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க உங்களால்தான் முடியும். வாடிக்கையாளர் கேட்டால் "இம்போர்ட்டட்" என்ற ஒரு சொல்தான் பதில்.

பெரிய கஷ்டம் இங்கேதான். முடியை நேராக்கிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அன்று இரவோ அடுத்த நாளோ வாந்தி, இடுப்பு வலி, உச்சந்தலையில் எரிச்சல். ஆஸ்பத்திரியில் பார்த்தால், சிறுநீரகம் பாதித்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. டாக்டர் கேட்பார்: "தலையில் என்ன போட்டார்கள்?" அவளுக்குத் தெரியாது. பூசிவிட்ட பெண்ணுக்கும் தெரியாது. கேனிலிருந்து பம்ப் டப்பாவுக்கும் டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் மாறி வந்தது அது. லேபிள் கேனோடு போய்விட்டது. சில கேன்களில் அதுவும் இல்லை. முடியை நேராக்கும் சில கிரீம்களில் சேர்க்கும் கிளையாக்சிலிக் அமிலம் என்ற ஒரு சொல் அந்த லேபிளில் இருந்து, அதை டாக்டர் பார்க்க முடிந்தால், உணவு நஞ்சா, கிருமித் தொற்றா என்று தேடும் நேரம் மிச்சமாகும். அந்த அமிலம் தோல் வழியே இறங்கி ஆக்சலேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாக நிற்கிறது. 2024-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த 26 வயதுப் பெண்ணின் கதை இதுதான். 2020, 2021, 2022 என்று மூன்று முறை நேராக்கினாள், மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்தது. அவள் தலையில் போட்ட கிரீமில் அந்த அமிலம் 10 சதவீதம். கிரீம் கையில் இருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. நம் ஊரில் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

எல்லா வேலையையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ரீபாண்டிங்கில் தயோகிளைக்கோலேட் என்ற ரசாயனம் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை உடைக்கிறது. அயர்ன் போட்ட பின் ஹைட்ரஜன் பெராக்சைடு நியூட்ரலைசர் திரும்ப இணைக்கிறது. நேரம் கூடினால் முடி ரப்பர் போல இழுபடும், வேர் அருகே முறியும். சுருள் முடியைத் தளர்த்தி நேராக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்சர் காரத்தின் உச்சம்; முந்தின நாள் தலையைச் சொறிந்திருந்தாலே புண்ணாக்கும். 'கெரட்டின்' என்று விற்பதில் பல, ஃபார்மால்டிஹைடால் முடியைப் பிணைத்து இறுக்குகிற வேலை. இரண்டு முறை ஷாம்பு, வேரில் படாமல் அரை அங்குலம் விட்டுப் பூச்சு, அரை மணி ஊறல், டிரையர். பிறகு 230 டிகிரி அயர்னால் ஒவ்வொரு கற்றையையும் ஏழெட்டு முறை இழுக்கிறார்கள். அப்போது எழும் புகையைத்தான் நீராவி என்கிறார்கள். கண்ணில் நீர் வந்தால், "வெங்காயம் உரிச்ச மாதிரிதான் இருக்கும், கண்ணை மூடிக்கங்க!"

கீழே சமவெளியில் ஜன்னலாவது திறந்திருக்கும். இங்கே மார்கழிப் பனியிலும் ஆடி மழையிலும் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து ஹீட்டர் ஓடும். கணக்குப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, எட்டடி உயரம் என்றால் சுமார் 22 கன மீட்டர் காற்று. 8 சதவீதத் திரவம் 60 மில்லி பூசினால் தலையில் ஏறுவது ஏறக்குறைய 5 கிராம் ஃபார்மால்டிஹைடு. அதில் ஐம்பதில் ஒரு பங்கு, 100 மில்லிகிராம், காற்றில் கலந்தாலே அந்த அறையில் 3.5 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 3.5 பங்குக்கு) மேல். அமெரிக்கத் தொழிலிடங்களில் 15 நிமிட உச்ச வரம்பு 2 பிபிஎம். வாடிக்கையாளர் மூன்று மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். அயர்ன் பிடிக்கும் பெண் அடுத்த தலைக்குப் போவாள். அவள் போட்டிருக்கும் துணி மாஸ்க்கோ என்95-ஓ வாயுவைத் தடுக்காது.

அந்த 8 சதவீதம் எங்கள் கற்பனை இல்லை. 2010-ல் ஒரெகன் மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று எழுதியிருந்த புட்டிகளையே சோதித்து, சராசரி அதற்கும் மேல் என்று கண்டது. லேபிளில் மெத்திலீன் கிளைக்கால் என்றிருக்கும். அது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுதான். கிளையாக்சிலிக் அமிலமும் சூட்டில் அதே வாயுவை விடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. படித்தவர்களுக்குப் பாடம் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

அமெரிக்க வழக்குகளைக் காட்டி யாரையும் பயமுறுத்தவும் இல்லை. 2022-ல் வந்த அந்நாட்டு ஆய்வு 33,497 பெண்களைச் சராசரியாகப் பதினோரு ஆண்டு பின்தொடர்ந்தது. நேராக்கிகளை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 1.64. தொடர்பைக் காட்டியதே தவிர, இதுதான் காரணம் என்று அது நிறுவவில்லை. அதன் பிறகு குவிந்த ஆயிரக்கணக்கான வழக்குகள் 2023 பிப்ரவரி முதல் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் 3060 என்ற எண்ணில் ஒன்றாக நடக்கின்றன. அவை பெரும்பாலும் வீட்டு உபயோக ரிலாக்சர் பற்றியவை. ஆனால் அந்தப் பெண்களால் ஒன்றைச் சொல்ல முடிகிறது: எந்தக் கம்பெனி, எந்தப் பெட்டி, எத்தனை வருடம்.

நம் ஊரில்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தயாரித்தவர், விற்றவர், சேவை தந்தவர் மூவர் மீதும் வழக்குப் போட வழி தருகிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. யார் பெயரில் போடுவது? தயாரித்தவர் தெரியாவிட்டால் விற்றவர் பொறுப்பு என்கிறது பிரிவு 86. விற்றவரும் தெரியாதே! பில் கேட்டால் துண்டுச் சீட்டில் 'ஹேர் 4500' என்று எழுதித் தருகிறார்கள்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. மலையடிவாரக் கல்லாறு தாண்டி ஒரு லிட்டர் பாட்டில்கூட மேலே வந்துவிடாதபடி காரின் சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்க்கிறார்கள். இ-பாஸ் இல்லாத வண்டி திரும்பிப் போகிறது. பெயரில்லாத கேன் மட்டும் எந்த பாஸும் இல்லாமல் மலையேறுகிறது. பிளாஸ்டிக்கில் அடைத்துத்தான் வருகிறது, அதற்காகவாவது பிடித்திருக்கலாம். சோதனைச் சாவடி உங்கள் துறை இல்லை, மன்னிக்கவும்.

எனவே பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்: மாதிரி எடுங்கள். தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண் அல்லது இறக்குமதிப் பதிவு எண், பேட்ச் எண், உட்பொருள் பட்டியல், இவை இல்லாத கேனை முதலில் எடுங்கள். 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று பெரிதாக எழுதியிருப்பதை அடுத்து எடுங்கள். சட்டப்படி நான்கு பங்காக்கிச் சீல் வைத்து, ஒரு பங்கை அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பி, முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். பிரிவு 26-ன்படி கட்டணம் கட்டிப் பொதுமக்களும் சோதனைக்குக் கொடுக்கலாம் என்பீர்கள். கொடுக்கலாம், புட்டியை விலைக்கு வாங்க முடிந்தால்! பார்லரில் கிண்ணத்தில் இருப்பதை யாரும் விற்பதில்லை.

திங்கட்கிழமை காலையில் வர வேண்டாம், கடை காலியாக இருக்கும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல், அயர்ன் சூடாக இருக்கும்போது வாருங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் அழகு நிலையத் தொழிலில் இருக்கும் சிலர்