சுரூபம் திரும்பிவரும் ஊர்

அன்பு மகனுக்கு,

பங்குத் திருப்பயணக் குழுவோடு உரோமைக்குச் சென்று நலமாக வீடு திரும்பிவிட்டேன். வழியில் பார்த்த சிவித்தா தி பாஞ்ஞொரேஜோ என்னும் இத்தாலிய மலையுச்சி ஊரைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது, "இடிந்துகொண்டிருக்கும் ஊரில் எதற்கம்மா இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டாய். அதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வராததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மண்ணியல் படித்த உனக்கு இடிபாட்டின் காரணம் எளிதில் விளங்கும். மேலே எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை, அடியில் களிமண். மழைநீரும் ஓடைகளும் களிமண்ணை அரிக்க அரிக்க, பாறை ஓரம் ஓரமாகப் பெயர்ந்து விழுகிறது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் எத்ருஸ்கர் என்னும் பழங்கால இத்தாலிய இனத்தார் குடியேறிய அவ்வூர் 1695ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தபின், ஆயரின் (பிஷப்பின்) இருக்கை பக்கத்திலுள்ள பாஞ்ஞொரேஜோவுக்குப் போய்விட்டது. புனித பொனவெந்தூர் பிறந்த வீடும் பள்ளத்தில் சரிந்துவிட்டது. 1965இல் கட்டிய நடைபாலம்தான் இன்று ஊருக்குள் செல்லும் வழி. நிரந்தரமாக வசிப்போர் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். வாயிலருகே ஒரு மாளிகையின் முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது. அதன் சன்னலை அண்ணாந்து பார்த்தேன். உள்ளே அறை இல்லை, நீல வானம்தான் தெரிந்தது. அந்த வீட்டில் விளக்கேற்றியவர்களை நினைத்து நெஞ்சு கனத்தது.

ஆனால் நாங்கள் போனது செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. ஆண்டில் இருமுறை நடக்கும் 'தோன்னா' என்னும் கழுதைப் பந்தயத்தின் நாள் அது. ஆலயத்துக்கு முன்னுள்ள மண்தரைச் சதுக்கத்தைக் கழுதைகள் சுற்றிவர வேண்டும். ஒரு கழுதை பாதியில் நின்று அசைய மறுக்க, ஓட்டியவர் அதன் காதருகே குனிந்து கெஞ்ச, சுற்றி நின்ற பாட்டிமார் எழுந்து நின்று கூவினார்கள். அந்தக் குரல்களைக் கேட்டபின் அதைச் செத்த ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உன் கேள்விக்கு நான் கண்ட விடை சான் தொனாத்தோ ஆலயத்துக்குள் இருக்கிறது. அங்குள்ள பழைய மரப் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் சிலையை, பெரிய வெள்ளியன்று பாலம் கடந்து பாஞ்ஞொரேஜோவுக்குப் பவனியாகக் கொண்டுசெல்கிறார்கள். நள்ளிரவுக்குள் அது சிவித்தாவுக்குத் திரும்பாவிட்டால் பாஞ்ஞொரேஜோவுக்கே உரிமையாகிவிடும் என்பது மரபு. ஆயரைத் தங்களிடமிருந்து இழந்தவர்கள், ஆண்டவரை இழக்க விரும்பாமல், செங்குத்தான அந்த ஏற்றத்தில் இரவோடிரவாக அவரைச் சுமந்து வருகிறார்கள். திரும்பக் கொண்டுவந்து வைப்பதற்கு ஓர் ஊர் வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த தவக்காலத்தில் உனக்கு விடுமுறை கிடைக்குமா என்று கேட்டு எழுது. அந்த இரவில் சிவித்தாவின் வாயிலில் உன்னோடு நின்று, சுரூபம் பாலமேறி வருவதைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
அம்மா