பெயரையும் முகவரியையும் சுவரில் ஒட்டாதீர்கள்

மாண்புமிகு ஒன்றிய சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பை தாராவியிலிருந்து எழுதுகிறேன். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடக்கும் கல்யாணத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காக அப்படிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

இந்துப் பெண்ணும் முஸ்லிம் பையனும் மதம் மாறாமல் மணமுடிக்க 1954ஆம் ஆண்டின் இந்தச் சட்டம்தான் வழி. கல்யாணம் செய்யப் போகிறோம் என்று திருமண அதிகாரிக்கு நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை அவர்கள் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் அலுவலகச் சுவரில் தொங்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தாராவித் தமிழர்களில் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கம்தான் பூர்வீகம். நிரந்தர முகவரி அங்கே இருந்தால், 6ஆம் பிரிவின்படி நோட்டீஸ் நகல் அந்த மாவட்டத் திருமண அதிகாரிக்கும் போகும். அங்கேயும் ஒட்டுவார்கள். சாதி பார்த்து வெட்டுகிற ஆட்களுக்குப் பயந்து மறைத்து வைத்த முகவரியை அரசே கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

விஷயம் தெரிந்ததும் வீட்டில் முதலில் போனைப் பிடுங்குவார்கள். பிறகு வேலைக்குப் போக விடமாட்டார்கள், ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி. அந்தப் பெண் தப்பித்து வந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்யாணமாகாத ஜோடிக்கு இந்த நகரத்தில் அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே மனைவி இருக்கிறாளா, வயது சரிதானா என்று பார்க்கத்தானே இந்த அவகாசம்? பார்க்கட்டும். ஏமாற்றிக் கட்டியவனால் சீரழிந்த பெண்கள் எங்கள் தெருவிலும் உண்டு, சோதனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்து திருமணச் சட்டப்படி கட்டுகிறவர்களின் பெயரை யாரும் சுவரில் ஒட்டுவதில்லையே! தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்துக்கள் இருவர் உற்றார் முன் மாலை மாற்றினாலே திருமணம் செல்லும். இரண்டாம் தாரம் அங்கேயும் குற்றம்தான். அவர்களை நம்புகிற சட்டம் எங்கள் பிள்ளைகளை மட்டும் ஏன் சந்தேகப்படுகிறது?

ஜோடியே எழுதிக் கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிடலாம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நோட்டீஸை வீட்டு முகவரிக்கு அனுப்பக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இலேயே சொன்னது. ஆனால் சட்டப் புத்தகத்தில் 6ஆம் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

அதைத் திருத்துங்கள். ஆதாரங்களைத் திருமண அதிகாரியே சரிபார்க்கட்டும், நோட்டீஸ் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், சொந்த மாவட்டத்துக்கு நகல் அனுப்புவதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தாராவியில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்