சத்தத்தை நாங்கள் கூட்டிக்கொள்கிறோம், பாட்டைக் கொடுங்கள்: அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஜேம்ஸ், லார்ஸ், கிர்க், ராபர்ட் நால்வருக்கும் வணக்கம்.

போன செப்டம்பர் 12ஆம் தேதி வெளிவந்த உங்கள் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்ன பிரச்சினை என்று உங்களுக்கே தெரியும்: சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டியதில் ஒலி உடைந்து கரகரக்கிறது. இதை மறுபடி மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களையும் குரலையும் புதிதாகச் சேர்த்து, வெளியிடுங்கள் என்று பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். லார்ஸ் கொடுத்த பேட்டியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒலித் தரத்தில் எந்தக் குறையும் இல்லை, இது 2008, இப்போது இப்படித்தான் ரெக்கார்டு செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் காரில் போட்டுக் கேட்டாராம், பிரமாதமாக இருந்ததாம்.

லார்ஸ், என்னிடம் கார் இல்லை. ஒரு நல்ல ஹெட்ஃபோன் இருக்கிறது. அதில் என்ன கேட்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

‘தி டே தட் நெவர் கம்ஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். எட்டு நிமிஷத்துக்குச் சில நொடிகளே குறைவு. கிட்டார் தனியாக, மெதுவாக ஆரம்பிக்கிறது. ஜேம்ஸ் அடங்கிய குரலில் பாடுகிறார். நாலு நிமிஷம் தாண்டியதும் பாட்டு வேகம் பிடிக்கிறது, டிரம்ஸ் இறங்குகிறது, இரண்டு கிட்டாரும் சேர்ந்து ஓடுகின்றன. உங்கள் ரசிகன் காத்துக்கொண்டிருப்பதே அந்த இடத்துக்குத்தான். 1984ல் ‘ஃபேட் டு பிளாக்’, 1988ல் ‘ஒன்’ என்று இந்த ஏற்றத்தை எங்களுக்குப் பழக்கியதே நீங்கள்தான். இந்தப் பாட்டில் அந்த இடம் வரும்போது ஏற்றம் இல்லை. கரகரப்புதான் வருகிறது. லார்ஸின் ஒவ்வொரு அடியோடும் ஒரு வெடிப்புச் சத்தம் ஒட்டிக்கொண்டு வருகிறது. முதல் தடவை கேட்டபோது ஹெட்ஃபோன் வயர் போய்விட்டது என்று நினைத்தேன். கழற்றித் துடைத்து மறுபடி சொருகினேன். அப்புறம் சிடியைத் துடைத்தேன். சரி, சத்தம் அதிகமாக வைத்திருக்கிறோம் போல என்று வால்யூமைக் குறைத்தேன்.

சத்தம் குறைந்தது. கரகரப்பு குறையவில்லை.

இந்த ஒரு விஷயத்தைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். ஊர்த் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கரகரத்தால் நாலு தெரு தள்ளிப் போய் நின்றுகொள்ளலாம். இதிலிருந்து தள்ளி நிற்க இடமே இல்லை. எவ்வளவு சன்னமாக வைத்தாலும் அதே உடைசல் சன்னமாகக் கேட்கிறது. மூன்று பாட்டு தாண்டுவதற்குள் காது களைத்துப்போகிறது. பத்துப் பாட்டு, கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேர ஆல்பம் இது. வாங்கி ஒரு மாசம் ஆகிறது, ஒரே உட்காரலில் முழுசாகக் கேட்டு முடித்ததில்லை. பதினான்கு வருஷமாக உங்களைக் கேட்கிற எனக்கு இது புது அனுபவம்.

கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 1991ல் வந்த உங்கள் ‘மெட்டாலிகா’ என்ற கறுப்பு ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டையும் இந்தப் பாட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திறந்து பார்த்தேன். பழைய பாட்டின் அலைவடிவம் முள்வேலி மாதிரி இருக்கிறது. டிரம்ஸ் அடி விழும் இடமெல்லாம் ஒரு கூர் எழும்பி நிற்கிறது, நடுவே பள்ளங்கள், மூச்சுவிட இடம். புதுப் பாட்டின் பின்பாதி, செங்கல்லை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் நீலம் அப்பிக் கிடக்கிறது. ஒரே ஒரு டிரம்ஸ் அடியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைந்து மேலே போய்க் கூராக முடிய வேண்டிய கோடு, பாதியில் மேஜை மாதிரி தட்டையாக நிற்கிறது. சிடிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் ஒலியை எழுத இடம் கிடையாது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் அந்த வரம்புவரை தூக்கி வைத்து, அதற்கு மேலும் தள்ளியதில் கூர் எல்லாம் மழிந்து போயிருக்கிறது. மழிந்து போனதை எந்த ஸ்பீக்கராலும், எந்த ஆம்ப்ளிஃபயராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அது சிடியில் இல்லவே இல்லை.

ஆனால் வேறொரு இடத்தில் இருக்கிறது என்பதுதான் எங்கள் ஆத்திரத்துக்குக் காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயசு. ஐந்து கலர் பொத்தான் வைத்த பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தான். ஆல்பம் வெளியான அன்றே அதன் பாட்டுகளை அந்த விளையாட்டுக்கும் விற்பனைக்கு விட்டிருந்தீர்கள். அவன் வாசித்தது இதே பாட்டு. சமையலறையில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து கூடத்துக்குப் போனேன். சாதாரண டிவி ஸ்பீக்கர் அது. அதில் ஸ்நேர் டிரம் தனியாகக் கேட்டது. ராபர்ட், உங்கள் பாஸ் கிட்டார் கேட்டது. அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி கேட்டது. “மாமா, தள்ளி நில்லுங்க, டிவி மறைக்குது” என்று அவன் கத்தும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கு நீங்கள் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி டிராக்காகக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த நசுக்கல் நடப்பதற்கு முந்தைய ஒலி அது. ஆக, எங்களுக்கு வேண்டியது எங்கேயும் தொலைந்து போகவில்லை. உங்கள் கையிலேயே இருக்கிறது. அதை எடுத்து மறுபடி மிக்ஸ் செய்து கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இதெல்லாம் காது நொந்த ரசிகனின் புலம்பல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மிக்ஸ் முடிந்த பிறகு சிடிக்காகக் கடைசி மெருகு கொடுக்கும் மாஸ்டரிங் வேலையைச் செய்த டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் நசுங்கித்தான் வந்தது, தானாக இருந்தால் இந்த அளவுக்குத் தள்ளியிருக்க மாட்டேன், இதில் தன் பெயர் சேர்ந்திருப்பதில் பெருமை இல்லை என்கிற அர்த்தத்தில் ஒரு ரசிகருக்குப் பதில் எழுதியிருக்கிறார். கடைசியாகக் கை வைத்தவர் இப்படிச் சொல்லும்போது, காரில் நன்றாகத்தான் இருந்தது என்பது பதிலாகுமா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுகள் மோசமாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. 2003ல் ‘செயின்ட் ஆங்கர்’ வந்தபோது ஸ்நேர் தகர டின்னைத் தட்டுகிற மாதிரி இருந்தது, முழு ஆல்பத்திலும் கிர்க்குக்கு ஒரு கிட்டார் சோலோ, தனி வாசிப்பு, கிடையாது. அப்போதும் வருத்தப்பட்டோம். ஆனால் நீங்கள் குடும்பமே உடைந்துபோகிற நிலையிலிருந்து மீண்டு வந்த நேரம் அது என்று எடுத்துக்கொண்டோம். இந்தத் தடவை அப்படியா? தயாரிப்பாளர் ரிக் ரூபின் உங்களை மறுபடி ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ காலத்து மனநிலைக்குக் கொண்டுபோயிருக்கிறார். சோலோக்கள் திரும்பி வந்துவிட்டன. ‘ஆல் நைட்மேர் லாங்’ மாதிரி ஒரு பாட்டை இத்தனை வருஷம் கழித்து நீங்கள் போடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராபர்ட் உங்களோடு சேர்ந்து செய்த முதல் ஆல்பம். கறுப்பு ஆல்பத்துக்குப் பிறகு நான் இவ்வளவு ஆசையாகக் காத்திருந்தது இதற்குத்தான். பதினேழு வருஷம் கழித்துக் கிடைத்த விருந்தில் யாரோ உப்பை அள்ளிக் கொட்டிவிட்டார்கள். சமைத்தவர்கள் ருசி பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள்.

1994ல் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோதுதான் உங்களைக் கேட்க ஆரம்பித்தேன். அறைத்தோழனிடம் கறுப்பு ஆல்பத்தின் கேசட் இருந்தது. விடுதியில் கிட்டார் கற்றுக்கொண்ட ஒருத்தன் விடாமல் எல்லாரும் முதலில் ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ ஆரம்பத்தைத்தான் வாசிப்பார்கள், இடது கையே தேவைப்படாத அந்தத் திறந்த தந்திகளை. கேசட் தேய்ந்து இழுக்க ஆரம்பித்த பிறகும் அதில் அமைதியான இடம் அமைதியாகக் கேட்டது, இடி விழும் இடத்தில் இடி விழுந்தது. தேய்ந்த கேசட்டில் இருந்தது, இன்றைய சிடியில் இல்லை.

2000ல், இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வழி செய்த நாப்ஸ்டர் மேல் நீங்கள் வழக்குப் போட்டீர்கள். லார்ஸ், உங்கள் பாட்டை இலவசமாகப் பகிர்ந்தவர்கள் மூன்று லட்சம் பேருக்கு மேல் என்று பெயர்ப் பட்டியலோடு அவர்கள் அலுவலகத்துக்கே போனீர்கள். உலகமே உங்களைத் திட்டியது. நான் திட்டவில்லை. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்று நண்பர்களோடு சண்டை போட்டேன். அன்றிலிருந்து உங்கள் ஆல்பம் ஒவ்வொன்றையும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு நிலைமை என்ன? விளையாட்டிலிருந்து பதிவு செய்து யாரோ இணையத்தில் இலவசமாகச் சுற்றவிட்டிருக்கும் கோப்பு, கடையில் விற்கிற சிடியைவிட நன்றாக இருக்கிறது. கடையில் வாங்கியவனுக்கு உடைந்த ஒலி, காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்டவனுக்கு நல்ல ஒலி. அதே நண்பர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

இது உங்களோடு ஆரம்பித்த வியாதி இல்லை என்பதும் தெரியும். ரேடியோவில் பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி எத்தனையோ வருஷமாக நடக்கிறது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 1999 ஆல்பத்துக்கும் இதே குறை சொன்னார்கள், அதற்கும் ரிக் ரூபின்தான் தயாரிப்பாளர். ரஷ் குழுவின் 2002 ஆல்பமும் இதே கதிதான். எல்லாரும் கத்துகிற இடத்தில் நீங்கள் இன்னும் கொஞ்சம் கத்தி என்ன ஆகப் போகிறது? உங்கள் ஆல்பம் அமெரிக்காவில் மூன்றே நாளில் 4,90,000 பிரதி விற்று முதலிடத்துக்கு வந்தது. சத்தத்தைக் கேட்டுவிட்டு வாங்கிய கூட்டமா அது? உங்கள் பெயருக்காக வாங்கியவர்கள். யாரையும் முந்துவதற்காகக் கத்த வேண்டிய அவசியம் இல்லாத குழு உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது நீங்கள்தான்.

இப்படியெல்லாம் பேசியதில் வார்த்தை தடித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சண்டை போடுவதற்காக எழுத ஆரம்பிக்கவில்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற ரசிகர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நீங்கள் மேடை ஏறும்போது போய் இந்தப் பாட்டுகளை முழு உயரத்தோடு கேட்டுக்கொள்வார்கள். நீங்கள் இந்தியாவுக்கு இதுவரை வந்ததே இல்லை. போன வருஷம் மார்ச்சில் இங்கிலாந்து மெட்டல் குழு அயர்ன் மெய்டன் பெங்களூருக்கு வந்தபோது ராத்திரி ரயில் பிடித்துப் போய், வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அடுத்து மெட்டாலிகா வரும் என்று அன்றைக்குப் பேலஸ் மைதானத்தில் எத்தனை பேர் பேசிக்கொண்டார்கள் தெரியுமா? நீங்கள் வரும்வரை எங்களுக்கு மேடையும் இந்த சிடிதான், டிரம்ஸும் இந்த சிடிதான். அதனால் நாங்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறோம்.

தயவுசெய்து ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்தை அந்தத் தனித்தனி டிராக்குகளிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடுங்கள். புதிதாக எதையும் வாசிக்க வேண்டாம், ஒரு வரியும் மாற்ற வேண்டாம். சத்தம் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ள எங்கள் வீட்டில் பொத்தான் இருக்கிறது. முதல் சிடியைத் திருப்பித் தருகிறேன், காசைக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. சவப்பெட்டி வடிவத்தில் பக்கம் பக்கமாக வெட்டிய அந்தச் சின்னப் புத்தகத்தோடு அது என் அலமாரியிலேயே இருக்கட்டும். புது மிக்ஸ் வந்தால் இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்குகிறேன்.

ஆல்பத்தின் முதல் பாட்டு ஒரு இதயத் துடிப்போடு ஆரம்பிக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதைப் போடுகிறேன். அது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அப்புறம் கிட்டார் தனியாக வருகிறது, அதுவும் தெளிவாகத்தான் இருக்கிறது. டிரம்ஸ் இறங்கி உடைசல் ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடுகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்
அக்டோபர் 2008