தாத்தாவின் பென்ஷன் மனுவும் அந்த பிளாப்பியும்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவின் பென்ஷன் மனுவை நான் டைப் அடித்து வைத்த பிளாப்பி டிஸ்க், இத்தனை வருஷம் பரணில் கிடந்தும் உன் சிநேகிதன் டிரைவில் படித்ததே பெரிய விஷயம். ஒரே பேரில் ஏன் இரண்டு ஃபைல், டாலர் குறி போட்டது என்ன, திறந்தால் ஏன் கிறுக்கலாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வேலையாக, பிளாப்பியின் ஓரத்தில் சதுரமாக இருக்கும் வெட்டை ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டி மூடு. மூடிவிட்டால் டிரைவ் படிக்கும், எழுதாது. அந்த டிரைவ் 1.2 எம்பி, நம் பிளாப்பி 360 கேபி. அதில் இதைப் படிக்கலாம். எழுதினால் தடம் ஒல்லியாக விழும், அப்புறம் 360 டிரைவில் போட்டால் தகராறு பண்ணும்.

கிறுக்கலைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்காதே. வரியின் இரண்டு ஓரத்தையும் சமமாக நிறுத்த, நான் டைப் அடித்த வேர்ட்ஸ்டார் சாஃப்ட்வேர் சொல்லின் கடைசி எழுத்தில் ஒரு அடையாளம் வைக்கும். அந்த எழுத்தின் எண்ணோடு 128-ஐக் கூட்டிவிடும், அவ்வளவுதான். அதனால்தான் சொல் முடிவில் இங்கிலீஷ் 'இ' (e) வரவேண்டிய இடத்தில் தலையில் வட்டம் வைத்த 'ஏ' (å) தெரிகிறது. 128-க்கு மேல் இருப்பதிலெல்லாம் 128-ஐக் கழிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுத உனக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமா?

டாலர் குறி மூன்று போட்டது வேலை நடக்கும்போது வேர்ட்ஸ்டார் வைத்துக்கொள்ளும் தற்காலிக ஃபைல். ராப் பார்னபி வேர்ட்ஸ்டாரை எழுதி 1978-ல் வெளிவந்தபோது அந்த மெஷின்களின் மெமரியே அதிகபட்சம் 64 கேபி. பெரிய ஃபைல் முழுசாக உள்ளே கொள்ளாது. அதனால் பழைய ஃபைலைத் தொடாமல், மாற்றிய வாசகத்தை இந்த டாலர் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். சேவ் கொடுத்ததும் முந்தைய பேக் ஃபைலை (.BAK, பழைய பிரதி) அழித்து, பழையதை பேக் ஆக்கி, இதற்கு அசல் பேரைச் சூட்டும். உன் போட்டோவில் அந்த ஃபைலுக்கு நேரே 0 பைட் என்று இருக்கிறது. அன்றைக்கு நடுவில் கரண்ட் போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

நான் வேலை பார்த்த தம்பு செட்டித் தெரு ஜாப் டைப்பிங் கடையில் யுபிஎஸ் எல்லாம் கிடையாது. அதனால் பாராவுக்கு ஒரு தடவை கண்ட்ரோல் கே எஸ் (KS) அடித்து சேவ் பண்ணுவேன். சேவ் ஆனதும் கர்சர் ஃபைலின் தொடக்கத்துக்குப் போய் நின்றுகொள்ளும், உடனே கண்ட்ரோல் க்யூ பி (QP) அடித்தால் பழைய இடத்துக்கு வரும். இரண்டையும் ஒரே இழுப்பில் அடிக்க விரல் பழகிவிட்டது. பிளாப்பி நிரம்பிவந்தால் ஒரே டாக்குமெண்டுக்கு மூன்று பிரதி நிற்க இடம் போதாது, டிஸ்க் ஃபுல் என்று நின்றுவிடும். அப்போதுதான் கண்ட்ரோல் கே ஜே (KJ) கொடுத்து வேண்டாத ஃபைல் எதையாவது அழித்துவிடுவோம். அவசரத்தில் பிளாப்பியை மட்டும் மாற்றக் கூடாது. திறந்திருக்கும் ஃபைலின் பாதி அதில்தானே கிடக்கிறது!

பேக் ஃபைலில் தாத்தா முதலில் சொன்னது இருக்கும் என்று நம்பாதே. அது ஒரே ஒரு படி பின்னால் நிற்கும். பாராவுக்குப் பாரா சேவ் பண்ணுகிற கைக்கு அந்த ஒரு படி என்பது பத்து நிமிஷம்கூட இல்லை. அதனால் தாத்தா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவை வாசகத்தை மாற்றும்போதும் ஃபைலைத் தனியாக நகல் எடுத்து நம்பர் போட்டேன்: பென்1, பென்2, பென்3. ஆபீஸில் அலையவிட்ட கோபத்தையெல்லாம் கொட்டியது பென்1. அதைப் பார்த்துவிட்டு உன் பாட்டி போட்ட சத்தத்தில் அடங்கியது பென்2. அனுப்பியது பென்3.

போட்டோவில் பென்2-ம் பென்3-ம்தான் தெரிகின்றன. இன்னொரு பிளாப்பி இருக்க வேண்டும். நகலை எப்போதும் வேறு பிளாப்பியில்தான் வைப்பேன். நீ எடுத்துப்போன பெட்டியில் பச்சை லேபிள் ஒட்டினது இருக்கிறதா பார். டிரைவில் போடுவதற்கு முன் ஸ்டிக்கர் ஒட்டு. பென்1 வந்தால் மாமாவுக்கும் அனுப்பு, பாட்டிக்கு மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா