அவர்களும் நமக்குப் பரீட்சை வைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய விஷயம் எதுவுமே தெரிவதில்லை என்று வருத்தப்பட்டு, சென்ற ஞாயிறு இணைப்பில் வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். டிரங்கால், தந்தி, இன்லண்ட் லெட்டர், கேசட் என்று பத்துப் பொருள்களை அடுக்கி, கல்லூரிப் பிள்ளைகள் சிலரிடம் கேட்டுப் பார்த்து, பாதிகூடத் தேறவில்லை என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். எப்படித் தேறும்? தந்திச் சேவையையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். இன்று கல்லூரியில் படிக்கிற பிள்ளை அன்றைக்கு ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. நம்மை யாராவது இப்படி உட்காரவைத்துக் கேட்டிருந்தால் தெரியும் சேதி. மணங்குக்கு எட்டு வீசை என்று என் அப்பா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எனக்கு வீசை என்றால் பழைய கதைகளில் வரும் ஏதோ ஓர் எடை, அவ்வளவுதான். அதற்காக அவர் பத்திரிகைக்கு எழுதிப் போடவில்லை.

கோடம்பாக்கத்தில் அப்பா, நான், மகள் என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் யாரும் வருஷத்தை எண்ணாகச் சொல்வதில்லை. அப்பாவின் கல்யாணம் 'அண்ணா இறந்ததுக்கு அடுத்த வருஷம்'. நான் பத்தாவது படித்தது 'எம்.ஜி.ஆர். இறந்தப்போ'. மகளுக்கு 'வெள்ளத்துக்கு முன்னாடி', 'வர்தாவுக்கு அப்புறம்', 'லாக்டவுன்ல'. வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அன்று நாங்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். அப்பாவுக்கு அது பார்த்த புயல்களில் ஒன்று. எனக்கு, ஒரு மாதத்துக்கு முன்னால் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது, ஒரு வாரத்துக்கு முன்னால் ஜெயலலிதா இறந்தது, அந்த வரிசையில் இன்னொன்று. மகளோ எதிர்வீட்டு வேப்பமரம் சாய்வதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இப்போதும் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் முதலில் போய் அந்த ஜன்னலைத்தான் சாத்துகிறாள். ஒரே நாள், ஒரே வீடு. ஆனால் அவளுக்கு மட்டும்தான் அது காலத்தை இரண்டாகப் பிரித்த நாள்.

பாட்டு விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. அப்பா ஒரு பழைய பாட்டைச் சொன்னால், கூடவே இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜா அதை எப்படி அறிவித்தார் என்பதும் சேர்ந்து வரும். நான் கேசட் ஆள். பேப்பரில் பாட்டு வரிசை எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். கடைசிப் பாட்டுக்கு நாடா போதாது, சரணம் நடுவிலேயே 'டக்' என்று நின்றுவிடும். அந்தப் பாட்டை இன்று முழுதாகக் கேட்டாலும், அந்த இடம் வந்ததும் என் காது ஒரு கணம் நிற்கிறது. மகளுக்கு அதே பாட்டின் இரண்டாவது இடையிசை அத்துப்படி, பல்லவி தெரியாது. ரீல்ஸில் அந்த முப்பது விநாடிதான் ஓடுகிறதாம். பாட்டு பாதியில் நிற்கும் காலம் எனக்கு, பாதியில் தொடங்கும் காலம் அவளுக்கு. இதில் யார் குறைந்துபோனார்கள்?

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது வேறொன்று என்று நினைக்கிறேன். (ஒரு சின்னத் திருத்தம்: சென்னைக்கு டிவி வந்தது அவர் எழுதியதுபோல 1982-இல் அல்ல, 1975 ஆகஸ்ட் 15. 82-இல் வந்தது கலர்.) எங்களுக்கு ஒரு சேனல்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' எந்தப் பாட்டைப் போட்டதோ, அதைத்தான் மறுநாள் தெருவே பாடியது. பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வேறு கிடையாது, அதனால் எல்லோருக்கும் ஒன்றே. 1993-இல் சன் டிவி வந்து, அப்புறம் கேபிளில் சேனல்கள் பெருகியபோதே அது கரையத் தொடங்கிவிட்டது. இப்போது ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு கருவி. என் மகளுக்கும் அவளைவிட ஐந்தாறு வயது மூத்த என் அக்கா மகனுக்கும் நடுவிலேயே பேச்சு ஒட்டுவதில்லை. அவன் ஆர்குட், ரிங்டோன் என்று ஏதாவது சொன்னால் இவள் என்னைப் பார்ப்பதுபோல அவனைப் பார்க்கிறாள். இது தலைமுறை இடைவெளிகூட இல்லை. ஆறு வயது வித்தியாசத்திலேயே ஊர் மாறிவிடுகிறது. கவலைப்பட வேண்டுமென்றால் இதற்குக் கவலைப்படலாம், இன்லண்ட் லெட்டருக்கு அல்ல.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2019 மே மாதம், சினிமாவில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழுந்ததற்கு இணையத்தில் உலகமே பிரார்த்தித்தது நினைவிருக்கும். அந்தக் காட்சி வந்த படம் 2001-இல் வெளியானது. நான் தியேட்டரில் பார்த்தேன், அப்பா டிவியில் எத்தனையோ முறை பார்த்தார், அப்போது பிறக்கவே பிறக்காத மகள் மீமாகப் பார்த்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். இந்த வீட்டில் வடிவேலுவுக்கு மட்டும் விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

ஊரும் இப்படித்தான் இருக்கிறது. 1973-இல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்து இத்தனை வருஷமாகியும், அங்கே இருந்த ஜெமினி ஸ்டூடியோவைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூட 'ஜெமினி'யில்தான் இறங்குகிறார்கள். பக்கத்தில் செம்மொழிப் பூங்காவைத் தாண்டும்போது அப்பாவுக்கு அந்த இடத்தில் முன்பு இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் ஞாபகம், காருக்கே தட்டு வந்த கதை. மகளுக்கு அங்கே நடக்கும் மலர்க் கண்காட்சி.

ஒரு யோசனை. அடுத்த மாதம் இதே பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நம்மிடம் பத்துக் கேள்வி கேட்கட்டும். ஸ்ட்ரீக் என்றால் என்ன, அது ஒரு நாள் விட்டுப்போனால் ஏன் அழுகை வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். விடையைப் பெயரும் வயதும் போட்டு நாம் எழுதி அனுப்புவோம், மதிப்பெண்ணையும் அவர்களே போடட்டும். என் அப்பா தயார். விடைகளை மகள் அவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வருகிறாள், எனக்கு மட்டும் மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோடம்பாக்கம், சென்னை - 24